யாரும் நிறுத்தச் சொல்லலாம்

மார்ச் 4, செவ்வாய்

காலை வகுப்பில் பல் டாக்டர் மறுபடியும் கிளட்சை டப்பென்று விட்டுவிட்டார். வண்டி ஒரு குதி குதித்து நின்றது. "பல்லைப் பிடுங்கும்போதுகூட எனக்குக் கை நடுங்கினதில்ல மேடம்" என்றார். "பல் எங்கயும் ஓடாது சார், வண்டி ஓடும்" என்றேன். பின்சீட்டில் முறைக்குக் காத்திருந்த பெண் சிரித்தாள். நானும் சிரித்திருக்கிறேன். டிசம்பருக்குப் பிறகு என் சிரிப்பை நானே கேட்டது இன்றுதான்.

என் கணவருடைய காலை வகுப்புகளையும் இப்போது நானே எடுக்கிறேன். ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த மனிதர். பிள்ளைகள் வைத்த பெயர் 'பிரேக் மாஸ்டர்'. வீட்டில் சோபாவில் உட்கார்ந்திருக்கும்போதுகூட வலது கால் தரையை அழுத்திக்கொண்டேதான் இருக்கும். சாதாரணக் குடல் ஆபரேஷன், பிறகு நுரையீரலில் சளி, பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவு, பிறகு... எழுத வரவில்லை.

பயிற்சி மைதானத்துக்குப் பக்கத்து மனையை விற்றாகிவிட்டது. வீடு கட்டுவதற்காக இரண்டு பேரும் வாங்கியது. அவர் இல்லாத வீட்டில் நான் மட்டும் எந்த அறையில் உட்காருவேன்? பணம் வங்கியில் கிடக்கிறது, யார் வீட்டுக்கு வந்தோம் என்று தெரியாத விருந்தாளி மாதிரி. அவர் பேரில் ஏதாவது செய்ய வேண்டும். என்ன என்றுதான் தெரியவில்லை.

மார்ச் 7, வெள்ளி

அவருடைய அண்ணன் வந்தார். பஸ் நிற்கிற இடத்தில் நிழற்குடை கட்டலாமாம். "கல்லுல பேர் வெட்டிடுவோம்மா. மழைக்கு ஒதுங்கறவன் எல்லாம் தம்பி பேரைப் படிப்பான்." "யோசிக்கறேன் அத்தான்" என்றேன்.

நல்ல யோசனைதான். ஆனால் அவர் மழையிலா செத்தார்?

மார்ச் 12, புதன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை.

அந்தப் பிரிவின் தலைமை டாக்டரைப் பார்த்தேன். அன்றைக்கே எல்லாவற்றையும் சொன்னவர்தான். அப்போது அவர் வாய் அசைந்ததுதான் தெரிந்தது, ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை. "இன்னொரு தடவை சொல்லுங்க டாக்டர். இப்ப கேட்கறேன்" என்றேன்.

மனிதர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு, மேஜைக்கு அந்தப் பக்கம் போகாமல் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். சொன்னார். உடம்பு துடைத்து விரிப்பு மாற்றுவதற்காக அவரை ஒருக்களித்துத் திருப்பினார்கள். நான்கு பேர். மூச்சுக்குழாயை யார் பிடிப்பது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "ஆளாளுக்கு இன்னொருத்தர் பிடிச்சிருக்காங்கன்னு நினைச்சாங்க. குழாய் வெளிய வந்துடுச்சு. தொண்டை வீங்கியிருந்தது. மறுபடி போடற கருவி அடுத்த அறையில இருந்தது. அது வர்றதுக்குள்ள இதயம் நின்னுடுச்சு. இது நோயால நடந்தது இல்லம்மா. எங்க கையில நடந்தது. அன்னிக்கும் இதைத்தான் சொன்னேன். நீங்க கேஸ் போடலாம்னும் சொன்னேன்."

எங்க கையில நடந்தது. நாலே வார்த்தையா இது? மூன்றுதான். எத்தனை பேரால் இதைச் சொல்ல முடியும்? நானாக இருந்தால் சொல்லியிருப்பேனா? கோபப்படத்தான் போனேன். அந்த மனிதர் தன் தலையை என் முன்னால் நேராக நீட்டிவிட்டார். அடிக்கக் கை வரவில்லை.

"அதுக்கப்புறம் என்ன மாத்தினீங்க?" என்று மட்டும் கேட்டேன். "வாங்க, பாருங்க" என்று பொறுப்பு சிஸ்டரிடம் ஒப்படைத்தார். குள்ளமான அம்மா. நடக்கிறாரா உருளுகிறாரா என்று தெரியாத வேகம்.

உள்ளே போனேன். அவர் படுத்திருந்த படுக்கையில் வேறு யாரோ. ஆனால் நின்றேன். டிசம்பரில் நான் இந்த அறையில் அவர் முகத்தைத் தவிர எதையும் பார்த்ததில்லை. இன்று பார்த்தேன்.

நினைவில்லாத ஒரு பெரியவரிடம் ஒரு நர்ஸ் பேசிக்கொண்டிருந்தாள். "ஐயா, இப்ப வாய் துடைக்கப் போறேன். கொஞ்சம் ஜில்லுன்னு இருக்கும்." அவருக்குக் கேட்குமா? "கேட்குதோ இல்லையோ மேடம், சொல்லாம ஒருத்தர் வாயில கை வைக்கலாமா?" என்றார் பொறுப்பு சிஸ்டர். மயக்கத்தில் கண் இமைக்காதாம், காய்ந்துவிடுமாம், அதற்கு மருந்து விடுகிறார்கள். எச்சிலை விழுங்க முடியாதாம், அதை உறிஞ்சி எடுக்கிறார்கள். புரண்டு படுக்க முடியாதாம், புரட்டுகிறார்கள். மூச்சு, இமை, எச்சில், புரளல். பிறந்ததிலிருந்து நான் ஒரு நன்றிகூடச் சொல்லாமல் செய்துகொண்டிருக்கும் வேலைகள் எல்லாம் அங்கே ஒவ்வொன்றாகப் பிரித்து, ஆள் ஆளாகப் பங்கு போட்டு, யாரோ ஒருவருக்காக யாரோ செய்கிறார்கள். ஒரு மனிதன் சும்மா படுத்திருக்க இத்தனை கைகள்!

வண்டி ஓட்டுவது பெரிய வித்தை என்று நினைத்திருந்தேன்.

மார்ச் 13, வியாழன்

நேற்று எழுதாமல் விட்டது.

இப்போது புது முறை கொண்டுவந்திருக்கிறார்களாம். தலைமாட்டில் நிற்பவர் குழாயைப் பிடிக்க வேண்டும், "நான் பிடிச்சிருக்கேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் சொன்னால்தான் திருப்ப வேண்டும். மறுபடி குழாய் போடும் தட்டு படுக்கை அருகிலேயே இருக்க வேண்டும். யாருக்கு எது சரியாகப் படவில்லை என்றாலும், தரை துடைக்க வந்தவராக இருந்தாலும், "நிறுத்துங்க" என்று சொல்லலாம். சொன்னால் எல்லாரும் நிறுத்த வேண்டும்.

"சொல்லிக் குடுத்தாச்சு. ஆனா பழகணுமே மேடம். உசுரோட இருக்கறவர் மேல எப்படிப் பழகறது?" என்று என்னை ஒரு மூலைக்கு அழைத்துப் போய்க் காட்டினார் பொறுப்பு சிஸ்டர். ஒரு நீளத் தலையணை. அதில் பிளாஸ்டர் போட்டு ஒட்டிய குழாய். மேலே பேனாவால் வரைந்த கண், மூக்கு. புருவம்கூட இருந்தது.

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. முதல் நாளே யாரையும் சாலையில் இறக்கமாட்டோம் நாங்கள். காலி மைதானம், பழைய டயர், எங்கள் காலடியில் இரண்டாவது பிரேக். இவர்களுக்கு ஒரு தலையணை.

"மூச்சு விடற பொம்மை இருக்கு. உண்மையான ஆள் மாதிரியே. பல வருஷமா கேட்டுட்டிருக்கோம்" என்றார்.

மார்ச் 15, சனி

மகளிடம் போனில் சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாதோ.

"அப்பாவைக் கொன்ன இடத்துக்கே பணம் குடுக்கப் போறியா? உனக்கு என்ன ஆச்சும்மா?"

"அவங்க ஒளிக்கலடி. நேரா சொன்னாங்க."

"சொல்லிட்டா ஆச்சா? சொன்னா அப்பா வந்துடுவாரா?"

வரமாட்டார்தான். எனக்குத் தெரியாதா அது? ஒவ்வொரு நாளும் ரெண்டு டம்ளர் எடுத்து வெச்சுட்டு ஒண்ணைத் திருப்பி உள்ள வைக்கறவ நான். எனக்கா தெரியாது?

போனை வைத்துவிட்டாள்.

மார்ச் 16, ஞாயிறு

போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஏப்ரல் 2, புதன்

நிர்வாக அதிகாரியைப் பார்த்தேன். நல்ல சட்டை, நல்ல பேச்சு. "ஒரு வென்டிலேட்டர் வாங்கிக் குடுங்க மேடம். சார் பேரை முன்னாடியே பெருசா போட்டுடலாம். திறப்பு விழா, போட்டோ, எல்லாம் நாங்க பார்த்துக்கறோம்."

"உங்ககிட்ட வென்டிலேட்டர் போதலையா?"

"இருக்கு... இன்னொண்ணு இருந்தா நல்லதுதானே."

பக்கத்தில் பொறுப்பு சிஸ்டர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "சிஸ்டர், நீங்க சொல்லுங்க. உங்களுக்கு என்ன வேணும்?" என்றேன். அதிகாரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு அந்த அம்மா அடுக்க ஆரம்பித்தார். பழக ஒரு அறை. பொம்மை. சொல்லிக்கொடுக்க முழுநேரம் ஒரு ஆள். "இன்னொண்ணு இருக்கு மேடம். பழக வர்ற பொண்ணோட நோயாளியை அந்த நேரம் வேற ஒரு நர்ஸ் பார்த்துக்கணும். அவளுக்குச் சம்பளம் யார் தருவா? அதைத்தான் ஒருத்தரும் தரமாட்டாங்க. அதுல பேர் எழுத முடியாதே."

பேர் எழுத முடியாத இடம். அவருக்குப் பிடித்திருக்கும். கார் கதவில் தன் பேரைப் போடச் சொன்னபோதே "வண்டி என்ன கல்யாணப் பத்திரிகையா?" என்று கேட்ட ஆள்.

அதைத்தான் தருவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதிகாரிக்கு முகம் சப்பென்று ஆகிவிட்டது. ஆனால் மறுக்கவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

அத்தானிடம் சொன்னேன். "கல்லு வேண்டாம்னா வேண்டாம்மா. ஆனா நான் எங்க போய் அவனைப் பார்ப்பேன்?" என்றார்.

ஏப்ரல் 21, திங்கள்

அன்றைக்குப் படுக்கையின் இடது பக்கம் நின்ற நர்ஸ் வேலையை விட்டுவிட்டாளாம். செருப்புக் கடையில் இருக்கிறாள் என்று பேச்சுவாக்கில் சொன்னார் பொறுப்பு சிஸ்டர். நல்ல கை என்றார், அவளைப் போல ஊசி போட ஆளில்லை என்றார். மனதில் முள் மாதிரி கிடந்தது. அவளைப் பார்க்கணும் என்றேன். சிஸ்டர் அவளைக் கேட்டுவிட்டு, அவள் சரி என்ற பிறகு, இன்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

கடைக்குப் பின்னால் பெட்டி அடுக்கியிருக்கும் அறை. தோல் வாசனை. சின்னப் பெண். என் மகளைவிடச் சின்னவள். என்னைப் பார்த்ததும் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"திட்ட வரலம்மா" என்றேன்.

"திட்டிடுங்க மேடம்" என்றாள். "யாருமே திட்டல. எல்லாரும் உன் தப்பு இல்ல, உன் தப்பு இல்லங்கறாங்க. அப்ப யாரோட தப்பு? அவர் போயிட்டாரே."

எங்கள் மைதானத்துக் கதையைத்தான் சொன்னேன். யாராவது சுவரில் இடித்துவிட்டால் அவர் கத்தவே மாட்டார். உன் தப்பு இல்லை என்றும் சொல்லமாட்டார். "இடிச்சிட்ட. நாளைக்கு இதே நேரத்துக்கு வா. இதே சுவர் பக்கத்துல ஓட்டப்போறோம்" என்பார். வராமல் போனவர்களைத் தேடி வீட்டுக்கே போயிருக்கிறார், ஹெல்மெட்டும் கையுமாக.

"தேடித்தான் வந்திருக்கேன்" என்றேன்.

அப்புறம் அழுதாள். நானும். கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் மூன்று டீ அனுப்பினார்.

மே 9, வெள்ளி

கையெழுத்துப் போட்டாயிற்று. ஒரே ஒரு நிபந்தனை சேர்த்தேன்: புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாள் டிசம்பரில் நடந்ததை அப்படியே சொல்ல வேண்டும். நிர்வாக அதிகாரி பேனாவை மூடிவிட்டார். "ஆஸ்பத்திரி பேர் என்னாகறது மேடம்?" தலைமை டாக்டர்தான் அந்தப் பேனாவை எடுத்துத் திறந்து அவர் கையில் கொடுத்தார். "சொல்லுவோம்."

ஜூன் 17, செவ்வாய்

பொம்மை வந்துவிட்டது! நான்கு பேர் தூக்கி வந்தார்கள். நிஜ மனிதன் எடை. நெஞ்சு ஏறி இறங்குகிறது. கையைப் பிடித்தால் நாடி துடிக்கிறது. வெளிச்சம் அடித்தால் கண் பாப்பா சுருங்குகிறது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தொடாமல் தள்ளியே நின்றேன்.

நர்ஸுகள் அதற்குள் பேர் வைத்துவிட்டார்கள். மாப்பிள்ளை. ஏன் என்று கேட்டேன். "வண்டி வெச்சு அழைச்சிட்டு வந்தோம், வாசல்ல நின்னு வரவேற்றோம், இனிமே குளிப்பாட்டித் துடைச்சு மரியாதை பண்ணப் போறோம். மாப்பிள்ளை இல்லாம வேற யாரு?"

ஜூலை 4, வெள்ளி

முதல் பயிற்சியைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். ஐந்து பேர் மாப்பிள்ளையைச் சுற்றி. திருப்பும்போது உள்ளறையில் இருக்கும் பயிற்சியாளர் ஒரு பொத்தானை அழுத்த, ஆக்சிஜன் அளவு விழ ஆரம்பித்தது. திரையில் எண் இறங்க இறங்க மணி அலறுகிறது. ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். மாப்பிள்ளை செத்துப்போனார்.

யாரும் சிரிக்கவில்லை. பொம்மைதான். ஆனால் ஒரு பெண் அதன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

மறுபடி. மறுபடி. மத்தியானத்துக்குள் அந்த அறையில் சத்தமே இல்லை. தலைமாட்டிலிருந்து ஒரே ஒரு குரல்: "நான் பிடிச்சிருக்கேன். தட்டு இருக்கா?" "இருக்கு." "எல்லாரும் தயாரா?" ஐந்து பேர், பத்துக் கைகள், ஒரே உடம்பு மாதிரி அசைந்தன. இடையில், கால்மாட்டில் நின்ற உதவியாளர் "நிறுத்துங்க" என்றார். மூத்த டாக்டர் உட்பட அத்தனை பேரும் கல்லாக நின்றார்கள். படுக்கைக் கம்பியில் ஒரு குழாய் மாட்டியிருந்தது. விடுவித்தார்கள். தொடர்ந்தார்கள். எங்கள் வண்டியில் இரண்டு பிரேக். இங்கே ஆளுக்கொரு பிரேக்.

கண்ணாடியில் என் மூச்சுப் பட்டுப் புகை படிந்துவிட்டது. துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். இவ்வளவு அழகான ஒன்றை நான் பார்த்ததே இல்லை.

ஜூலை 19, சனி

மகள் வந்தாள். கூப்பிடவில்லை நான். பயிற்சி இருக்கிறது என்று மட்டும் செய்தி அனுப்பியிருந்தேன், பதில் இல்லை. பார்த்தால் பின்னால் வந்து நிற்கிறாள்.

புதியவர்களுக்கு முதல் நாள். நடந்ததைச் சொல்ல எழுந்தவள் செருப்புக் கடைப் பெண். போன மாதம் திரும்பி வந்துவிட்டாள். எதையும் விடவில்லை. "வயசு ஐம்பத்தெட்டு. டிரைவிங் ஸ்கூல் வெச்சிருந்தவர். நாங்க நாலு பேர் நின்னோம். நான் இடது பக்கம்." கடைசிவரை சொன்னாள்.

மகளின் கை என் தோளை இறுக்கிக்கொண்டிருந்தது. வலித்தது. எடுக்கச் சொல்லவில்லை.

முடிந்ததும் மகள் நேராக உள்ளே போனாள். இவள் வாய் எனக்குத் தெரியும். பின்னாலேயே ஓடினேன்.

"குழாயை நீங்க பிடிக்கல. அப்ப உங்க கை எங்க இருந்தது?" என்று கேட்டாள்.

அந்தப் பெண் தலை குனிந்துகொண்டாள். "அவர் கையைப் பிடிச்சிருந்தேன். திருப்பும்போது பயந்துடுவாரேன்னு... எப்பவும் பிடிப்பேன். கடைசி வரைக்கும் விடல."

எனக்கு இது தெரியாது. இத்தனை மாதத்தில் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தனியாகப் போனார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மகள் அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். ரொம்ப நேரம்.

ஜூலை 20, ஞாயிறு

இன்று ஊருக்குத் திரும்பினாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள், மாதம் ஒரு தடவை வருவாளாம். கெட்ட செய்தியை மறைக்காமல் சொல்ல இளம் டாக்டர்களும் பழக வேண்டுமாம். நோயாளியின் மகளாக நடிக்க ஆள் வேண்டும் என்று தலைமை டாக்டர் கேட்டாராம்.

"நீ அழமாட்டியாடி?"

"அழுவேன். அதுக்குத்தானே பழகறாங்க."

ஆகஸ்ட் 29, வெள்ளி

அத்தானைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்திக் காட்டினேன். பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியே வந்தபின் சொன்னது ஒன்றுதான்: "நிழற்குடை சின்னதும்மா."

அக்டோபர் 8, புதன்

பத்து மணி போல் பொறுப்பு சிஸ்டர் கூப்பிட்டார். "வேலையா இருக்கீங்களா மேடம்? முடிஞ்சா சும்மா வந்துட்டுப் போங்க." சும்மா வரச் சொல்கிற ஆளா அவர்? வகுப்பை உதவிக்கு வரும் பையனிடம் விட்டுவிட்டு... இல்லை, பல் டாக்டரின் வகுப்பையே தள்ளிவைத்துவிட்டுப் போனேன். (லைசென்ஸ் எடுத்துவிட்டார் அவர். ஆனாலும் வருகிறார், தைரியத்துக்கு.)

வாசலிலேயே நின்றிருந்தார். அந்த அம்மா ஓரிடத்தில் நின்று நான் பார்த்ததில்லை. கண்ணெல்லாம் பளபளவென்று.

காலையில் ஒருவரைத் திருப்பும்போது இருமல் வந்து குழாய் நழுவிவிட்டது. நிஜம். மாப்பிள்ளை இல்லை. தலைமாட்டில் செருப்புக் கடைப் பெண். "வெளிய வந்துடுச்சு, நிறுத்துங்க" என்றாள். ஒருவர்கூடக் கத்தவில்லையாம். தட்டு கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. முகமூடியில் மூச்சுக் கொடுத்து, டாக்டர் குழாயை மறுபடி போட்டு, நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்து, பிறகு விரிப்பையும் மாற்றி முடித்தார்கள். "நான் ஊத்தி வெச்ச டீ சூடு ஆறல மேடம்" என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வராந்தா பெஞ்சில் அந்த மனிதரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். மடியில் துண்டு, பக்கத்தில் பெரிய பை. நான் தள்ளி நின்றேன். தலைமை டாக்டர் வெளியே வந்து அவளருகில் உட்கார்ந்தார், என்னிடம் உட்கார்ந்த மாதிரியே.

"திருப்பும்போது மூச்சுக்குழாய் வெளிய வந்துடுச்சும்மா" என்றார்.

சுவரைப் பிடித்துக்கொண்டேன். அதே வாக்கியம்.

"உடனே மறுபடி போட்டுட்டோம். நல்லா இருக்கார். நடந்ததை உங்களுக்குச் சொல்லணும், அதான்."

"அப்படியா" என்றாள் அவள். கொஞ்சம் யோசித்தாள். "சரிங்க டாக்டர். அவர் எழுந்ததும் மூக்குக்கண்ணாடியைத் தேடுவாரு. இப்பவே குடுத்து வெக்கலாமா?"

அவ்வளவுதான். என் வாழ்க்கையை இரண்டாகப் பிளந்த செய்தி அவளிடம் வந்து, ஒரு மூக்குக்கண்ணாடிக்கு வழிவிட்டு ஒதுங்கிப்போயிற்று. அவளுக்கு ஒன்றுமே நடக்கவில்லை. நடக்காமல் போனது எவ்வளவு பெரியது என்று அவளுக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. தெரிய வேண்டாம். அப்படியே இருக்கட்டும். கடவுளே, அப்படியே இருக்கட்டும்.

டாக்டர் போனதும் அவள் என்னைப் பார்த்தாள். "நின்னுட்டே இருக்கீங்களே. உங்களுக்கு யாரு உள்ள இருக்காங்க?"

யார் என்று சொல்வேன்?

"நிறைய பேர்" என்றேன்.

பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்து இடம் விட்டாள். உட்கார்ந்தேன்.